நீரை நிறுத்துப் பார்த்த நேர்மையாளர் அல்பிரூனி

மேகமலையின் அடிவாரத்தை ஒட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்த ஊர் ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற மண் அது. பந்தல் பந்தலாகப் பரந்து கிடக்கும் அவ்வூர்த் தோட்டங்களுள் சொட்டுநீர் பாயும் ஒன்றில் விடியற்காலையில் சற்று நின்று பார்ப்போமாயின், கறுப்புக் குழாய்களின் நுண்ணிய வாய்களினின்றும் நீர் சொட்டுச் சொட்டாகக் கொடியின் வேரடியில் வீழ்வதைக் காணலாம். ஒரு சொட்டுவாய் ஒரு மணி நேரத்தில் விடுவது பெரும்பாலும் 4 லிட்டர் அளவே. மேட்டிலுள்ள கொடிக்கும் பள்ளத்திலுள்ள கொடிக்கும் ஒரே அளவில் நீர் சேர வேண்டுமாயின், குழாயின் அகலமும் நீளமும் நீரின் அழுத்தமும் கணக்கோடு அமைந்திருத்தல் வேண்டும். கணக்குத் தவறினால் ஒரு கொடியின் வேர் அழுகும். மற்றொன்று நீரின்றி வாடும்.

உயிருள்ள யாவும் நீரிலிருந்தே படைக்கப்பட்டன என்று திருமறை அறிவிக்கின்றது. வானிலிருந்து நீர் ஓர் அளவோடுதான் இறக்கப்படுகின்றது என்றும் அது நினைவூட்டுகின்றது. அதே திருமறை நிறுவையில் நீதி தவறாதீர்கள், துலாக்கோலில் குறைவு செய்யாதீர்கள் என்று மனிதரை எச்சரிக்கின்றது. நீரைப் பற்றிச் சிந்திப்பதையும் நிறுவையில் நேர்மை காப்பதையும் தம் ஒரே வாழ்வில் இணைத்துக் காட்டிய பேரறிஞர் ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தார். அவரே அபூ ரைஹான் முஹம்மது இப்னு அஹ்மது அல்பிரூனி ஆவார்.

புறநகரில் பிறந்தவர்

ஹிஜ்ரி 362-ஆம் ஆண்டு துல்ஹஜ் மாதத்தில், அதாவது கி.பி. 973 செப்டம்பரில், மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் நாட்டுத் தலைநகரான காத் என்னும் ஊரின் புறத்தே அவர் பிறந்தார். இன்று அப்பகுதி உஸ்பெகிஸ்தான் நாட்டில் உள்ளது. பாரசீக மொழியில் பிரூன் என்றால் வெளிப்புறம் என்று பொருள். நகருக்கு வெளியே பிறந்தவர் என்பதைக் குறித்த அந்தச் சொல்லே பின்னர் உலகமறிந்த பெயராயிற்று.

இளமையில் அவருக்கு வாய்த்த ஆசான் அபூ நஸ்ர் மன்ஸூர் என்பவர். அரச குடும்பத்தில் தோன்றியும் கணிதமே தம் செல்வமெனக் கொண்டவர். அவரிடம் பயின்ற பிரூனி, தமது பதினேழாம் வயதிலேயே நண்பகற் கதிரவனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார். கேட்டதை நம்புவதைக் காட்டிலும் அளந்து அறிவதே மேல் என்னும் குணம் அன்றே அவரிடம் வேரூன்றிவிட்டது.

ஆயினும் அமைதியான கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. கி.பி. 995-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆசானின் குலத்தார் ஆட்சியை இழந்தனர். இருபத்திரண்டு வயது இளைஞரான பிரூனி உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. ரய் நகரில் வறுமையில் உழன்றார். அந்நிலையிலும் அவர் ஆய்வைக் கைவிட்டாரில்லை. கி.பி. 997 மே மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் காத் நகரிலிருந்து நோக்க, அறிஞர் அபுல் வஃபா பக்தாதிலிருந்து நோக்கினார். இருவரும் குறித்த நேரங்களின் வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தீர்க்கரேகை வேறுபாடு கணக்கிடப்பட்டது.

மேட்டில் ஏறும் ஊற்று

கி.பி. 1000-ஐ ஒட்டி, ஜுர்ஜான் நாட்டின் அரசர் காபூஸின் ஆதரவில் அவர் தமது முதற்பெரும் நூலை எழுதினார். பண்டைய சமூகங்களின் காலக்கணக்குகளை ஆராயும் அந்நூலில் நீரைப் பற்றிய ஓர் அரிய விளக்கம் இடம்பெற்றுள்ளது. உயரமான இடங்களிலும் சில ஊற்றுகள் பொங்குகின்றனவே, நீர் தன் இயல்புக்கு மாறாக மேல்நோக்கி ஏறுவது எங்ஙனம் என்னும் ஐயம் அக்காலத்தவரிடையே இருந்தது. அதற்கு அவர் கூறிய விடை எளிமையானது. அந்நீரின் மூலத்தேக்கம் ஊற்றுவாயைக் காட்டிலும் உயரத்தில் இருக்கின்றது. நீர் தன் மூலத்தின் மட்டத்தை எட்டவே முயல்கின்றது. அவ்வழியில் கோட்டை உச்சிக்கும் நீரை ஏற்றலாம் என்பதே அவ்விடையின் சாரம்.

இவ்வுண்மையை நம் பள்ளத்தாக்கில் கட்டடம் கட்டும் கொத்தனாரும் நாள்தோறும் கையாள்கின்றார். நீண்ட குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையை ஒரு சுவரிலும் மறுமுனையை எதிர்ச்சுவரிலும் பிடித்து மட்டம் பார்க்கின்றார். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கின்றது. நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததே அன்றி, கலத்தின் அகலத்தைப் பொறுத்ததன்று என்பதே இதன் காரணம். பத்து மீட்டர் உயரமுள்ள நீர், தன் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்தத்தைத் தருகின்றது. அந்நீர் விரற்கடை அகலக் குழாயில் நின்றாலும் சரி, ஊருணியளவு பரந்து நின்றாலும் சரி, அழுத்தம் ஒன்றே. ஓடைப்பட்டித் தோட்டக்காரர் தொட்டியை உயரத்தில் அமைப்பதும் இந்நியதியை நம்பியே.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின்னர், மேற்கே அரபிக் கடலை நோக்கி ஓடிய நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கை வளமாக்கியது. பிற்காலத்தில் அந்நீரே பெருங்குழாய்களில் மலைச்சரிவில் இறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரத்தையும் பிறப்பிக்கலாயிற்று. உயரத்தில் தேங்கிய நீரின் அழுத்தமே அங்குச் சுழலியைச் சுழற்றுகின்றது. பிரூனி தம் நூலில் சிந்தித்த நியதியின் பேருருவத்தை நாம் அங்கே காண்கிறோம்.

இளம் அறிஞருக்கு விடுத்த வினாக்கள்

அதே காலத்தில் புகாராவில் மற்றோர் அறிவுச்சுடர் ஒளிரத் தொடங்கியிருந்தது. மருத்துவ மேதை இப்னு ஸீனாவே அவர். பிரூனியைவிட ஏழு ஆண்டுகள் இளையவர். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலின் கொள்கைகள் குறித்துப் பிரூனி பதினெட்டு வினாக்களை அவருக்கு எழுதி அனுப்பினார்.

அவற்றுள் சில நீரைப் பற்றியவை. வெற்றிடம் என்பது இயலாத ஒன்றாயின், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு நீரில் கவிழ்த்த கண்ணாடிக் குப்பிக்குள் நீர் ஏறுவது ஏன்? வெப்பத்தால் பொருள்கள் விரிந்து குளிரால் சுருங்குமாயின், நீர் நிரம்பிய குப்பி உறையும்போது வெடிப்பது ஏன்? பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன்?

ஏட்டில் எழுதியிருப்பதும் கண்முன் நிகழ்வதும் முரண்படும் இடத்தைத் தேடிப்பிடித்துக் கேட்ட வினாக்கள் இவை. இப்னு ஸீனா அளித்த விடைகள் பலவற்றில் பிரூனி நிறைவு கொள்ளாமல் மீண்டும் மறுத்தெழுதினார். குப்பிக்குள் நீர் ஏறுவதன் காரணம் வெளிக்காற்றின் அழுத்தமே என்பது 17-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. நீர் உறையும்போது ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு விரிகின்றது என்பதையும், அதனாலேயே பனிக்கட்டி மிதக்கின்றது என்பதையும் இன்று பள்ளி மாணவரும் அறிவர். அன்று விடை முழுமையாகக் கிட்டவில்லை. எனினும் தகுந்த வினாவைத் தொடுப்பதும் அறிவுக்குச் செய்யும் தொண்டே அன்றோ!

நீரே சாட்சி

கி.பி. 1004-ஐ ஒட்டிப் பிரூனி தாயகம் திரும்பி, குவாரிஸ்ம் மன்னர் மஃமூனின் அவையில் அமர்ந்தார். உலோகங்களையும் மணிகளையும் நீரால் எடைகாணும் ஆய்வை அவர் அந்நகரில், ஆமூ ஆற்றின் நீரைக்கொண்டே செய்தார் என்று அறிகிறோம்.

கடைத்தெருவில் தங்கமென்று விற்கப்படுவது தங்கந்தானா, மாணிக்கமென்று காட்டப்படுவது மாணிக்கந்தானா என்பது அன்றும் பெருங்கவலை. நிறத்தையும் பளபளப்பையும் பொய்யாக்க இயலும். ஒரே இடத்தை அடைக்கும் தங்கத்துக்கும் செம்புக்கும் உள்ள எடை வேற்றுமையை எவராலும் பொய்யாக்க இயலாது. மூழ்கிய பொருள் தன் பருமனுக்குச் சமமான நீரை விலக்குகின்றது என்பதைக் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் முன்னரே கண்டிருந்தார். பிரூனி அதனைத் துல்லியமான அளவையாக மாற்றினார்.

அவர் அமைத்த கலம் கூம்பு வடிவினது. அடி அகன்று, கழுத்து குறுகியிருக்கும். கழுத்தின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளைந்த சிறு மூக்கு ஒன்று உண்டு. மூக்கின் மட்டம் வரை நீரை நிரப்பி, நிறுத்த பொருளை உள்ளே இடுவார். வழிந்த நீரைத் துலாத்தட்டில் ஏந்தி நிறுப்பார். கழுத்து குறுகலாக இருந்தமையால் நீர்மட்டத்தின் மிகச்சிறிய உயர்வும் வழிந்து வெளிவந்தது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. குறுகிய மூக்கினுள் நீர் ஒட்டிக்கொண்டு முழுமையாக வெளியேற மறுத்தது. நீர்த்துளியை உருட்சியாக நிறுத்துகின்ற பரப்பு இழுவிசை செய்யும் வேலை இது. சில துளிகள்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. மூக்கின் அமைப்பையே மாற்றி மாற்றி முயன்றார். எல்லா நீரும் ஒரே எடையுடையதன்று என்பதையும் கண்டார். வெந்நீருக்கும் தண்ணீருக்கும், நன்னீருக்கும் உப்புநீருக்கும் எடையில் வேறுபாடு உண்டு என்று அளந்து காட்டினார்.

இவ்வாறு பதினெட்டு உலோகங்களையும் மணிகளையும் அவர் ஆராய்ந்தார். தங்கம் நூறு மிஸ்கால் நிறை எனக் கொண்டால், அதே இடத்தை அடைக்கும் ஏனைய உலோகங்கள் எவ்வளவு நிறுக்கும் என்று அட்டவணையிட்டார். இன்றைய ஆய்வுக்கூடங்கள் காணும் ஒப்படர்த்தி எண்களுக்கு அவை மிக அண்மையில் நிற்கின்றன. கி.பி. 1121-இல் அல்காஸினி என்னும் அறிஞர் எழுதிய ஞானத் துலாக்கோல் பற்றிய நூல், பிரூனியின் இவ்வாய்வைப் போற்றிக் காத்து நமக்கு வழங்கியுள்ளது.

சிறைப்பட்டவர் கண்ட இந்தியா

கி.பி. 1017-இல் மீண்டும் இடி விழுந்தது. மன்னர் மஃமூன் தம் படையினராலேயே கொல்லப்பட்டார். கஜினி சுல்தான் மஹ்மூது அந்நாட்டைக் கைப்பற்றி, அறிஞர் பலரைத் தம் தலைநகருக்குக் கொண்டு சென்றார். அவர்களுள் பிரூனியும் ஒருவர். விருப்பமின்றிச் சென்ற அவ்விடத்திலேயே அவரது எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

சுல்தானின் ஆட்சி பஞ்சாபில் பரவியபோது பிரூனியும் இந்தியாவுக்கு வந்தார். பிறர் பொன்னைத் தேடிய மண்ணில் அவர் அறிவைத் தேடினார். நாற்பது வயதைக் கடந்தபின் சமஸ்கிருதம் பயின்றார். பண்டிதர்களிடம் அமர்ந்து பாடம் கேட்டார். நந்தனா கோட்டையருகே மலை ஒன்றின் உச்சியிலிருந்து தொடுவானத்தின் சரிவை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். கி.பி. 1030-ஐ ஒட்டி, இந்தியாவைப் பற்றிய தமது பெருநூலை முடித்தார்.

அந்நூலிலும் நீரோட்டம் பற்றிய நுண்ணிய காட்சி ஒன்று உண்டு. மலையருகே ஆறு விரைந்து பாயும் இடங்களில் பெரிய உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. மலையைவிட்டு விலகி ஓட்டம் தளரத் தளரக் கற்கள் சிறுக்கின்றன. கடலை நெருங்கி நீர் தேங்குமிடத்தில் மணலே எஞ்சுகின்றது. இதனைக் கண்ட அவர், வட இந்தியச் சமவெளி முற்காலத்தில் கடலாக இருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நிரம்பியிருத்தல் வேண்டும் என்று கருதினார்.

ஓடையின் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஓடைப்பட்டியிலிருந்து மலையை நோக்கி நடப்பவர் இதே பாடத்தைக் காணலாம். மலையடி ஓடைகளில் பாறையும் கல்லும் கிடக்கும். கீழே இறங்க இறங்க மணலும் வண்டலும் சேரும். வேகமாகப் பாயும் நீருக்குக் கல்லையும் உருட்டும் வலிமை உண்டு. வேகம் குறைந்ததும் பெரியது முதலில் நிற்கின்றது. மணல் பின்னர்ப் படிகின்றது. நுண்ணிய வண்டல் நெடுநேரம் மிதந்து கடைசியில் அடங்குகின்றது. நுண்துகள் விரைந்து விழாதவாறு தடுப்பது நீரின் பாகுநிலை. தேனைச் சாய்த்தால் அது மெல்ல வழிவதும், நீரைச் சாய்த்தால் உடனே ஓடுவதும் இந்தப் பாகுநிலையின் மிகுதியாலும் குறைவாலுமே.

இந்தியர் நாழிகையை அளக்க நீரைப் பயன்படுத்திய முறையையும் பிரூனி விவரித்துள்ளார். கலத்தின் அடியில் நுண்துளையிட்டு, குறித்த அளவு நீர் வடியும் நேரத்தை ஒரு நாழிகை எனக் கொள்வது அம்முறை. நுண்துளையில் ஓடும் நீருக்குப் பாகுநிலை ஒரு தடை. 0 பாகைக் குளிரில் நீரின் பாகுநிலை, 25 பாகை வெப்பத்தில் உள்ளதைப்போல் இரு மடங்கு. மெல்லிய குழாயின் அகலத்தைப் பாதியாக்கினால், சீராக ஓடும் நீர் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இவ்விதியை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸே நிறுவினார். சொட்டுநீர்க் குழாயில் சிறிது உப்புப் படிந்தாலும் கொடி வாடுவதன் காரணம் இதிலிருந்து ஒருவாறு விளங்கும்.

அரசனுக்கும் அஞ்சாத நிறுவை

பிரூனி நீரைத் துல்லியமாக நிறுத்தது பெரிதே. மனிதர்களையும் அவர் அவ்வாறே நிறுத்தார் என்பது அதனினும் பெரிது. இந்தியர் திருத்தலங்களில் அமைத்த குளங்களின் கட்டுமானத்தைக் கண்டு, நம்மவர் வியக்கலாமேயன்றி அதுபோலக் கட்ட அறியார் என்னும் கருத்தை வெளிப்படையாக எழுதினார். இந்நாட்டாரிடம் தாம் கண்ட குறைகளையும் மறைத்தாரில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுல்தான் மஹ்மூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பைச் சிதைத்தன என்பதையும், அதனால் மக்கள் உள்ளத்தில் வெறுப்பு மூண்டது என்பதையும் அதே நூலில் பதிந்தார். அவர் வாழ்ந்ததோ அந்தச் சுல்தானின் தலைநகரில்! தம் உயிரும் உணவும் எவர் கையில் இருந்தனவோ, அவரது அரசின் செயலையும் துலாக்கோலில் ஏற்றி உள்ளதை உள்ளவாறே உரைத்தார்.

மஹ்மூதுக்குப் பின் அரியணை ஏறிய மஸ்ஊது அவரைப் பெரிதும் மதித்தார். வானியற் பெருநூல் ஒன்றைப் பிரூனி அவர் பெயரால் இயற்றியபோது, அரசர் ஒரு யானை சுமக்கும் வெள்ளிக்காசுகளைப் பரிசாக அனுப்பினார் என்றும், அது தமக்குத் தேவையில்லை என்று பிரூனி கருவூலத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர் யாகூத் குறிக்கின்றார். வறுமையை நேரில் அறிந்தவர் செய்த செயல் இது.

இறுதி மூச்சிலும் ஒரு வினா

முதுமையிலும் அவரது எழுதுகோல் ஓயவில்லை. மணிகளைப் பற்றியும் மருந்துகளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். கி.பி. 1048-ஐ ஒட்டிக் கஜினியில் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, மார்க்கச் சட்ட அறிஞர் ஒருவர் காண வந்தார். மூச்சு திணறிய அந்நிலையிலும், பாட்டியின் வாரிசுப் பங்கு குறித்து முன்பு பேசிய கணக்கைப் பிரூனி அவரிடம் வினவினார். இந்த நேரத்திலா இது என்று வந்தவர் இரங்கினார். அறியாமல் இவ்வுலகைவிட்டுப் போவதினும் அறிந்து போவது நன்றன்றோ என்னும் பொருளில் பிரூனி மறுமொழி கூறினார். அறிஞர் விளக்கினார், பிரூனி அதனைத் திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொண்டார். விடைபெற்ற அறிஞர் தெருவில் இறங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் வீட்டினுள் அழுகுரல் எழுந்தது என்று அந்நிகழ்ச்சி கூறப்படுகின்றது.

இன்று ஜும்ஆத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் செல்லும் நாம் ஒளுச் செய்ய நீரைத் தொடுவோம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. அந்நீரைத் தொடும்போது, சில துளிகள் மூக்கில் தங்கியதற்காகத் தம் கலத்தையே மாற்றியமைத்த அப்பெருந்தகையை நினைத்துக்கொள்வோமாக. திராட்சையை எடைபோடும் தோட்டக்காரரும், பொன்னை நிறுக்கும் வணிகரும், பிறருடைய குறைநிறைகளைப் பேசும் நாம் அனைவரும் ஒரு துளியும் பிசகாத நிறுவையைக் கைக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.